அமெரிக்காவில் சிறிய கல்லூரியில் எம்.எஸ்.: வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டலாமா?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து 25 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பி.இ. முடித்து, கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். கல்லூரியில் நான்கு அரியர் இருந்தது. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டார் என்றாலும் சராசரி 6.7-இல் நின்றுவிட்டது. விண்ணப்பித்த பெரிய பல்கலைக்கழகங்கள் மறுத்துவிட்டன. இந்த நிலையில், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 700 பேர் மட்டுமே படிக்கும் ஒரு தனியார் கல்லூரி, ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வுகூடக் கேட்காமல் தகவல் தொழில்நுட்ப எம்.எஸ். படிப்பில் இடம் கொடுத்திருக்கிறது. ஏற்பாடு செய்தது கோவையில் உள்ள ஒரு கன்சல்டன்சி. அவர்கள் சொல்வது இது: ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் சேர்க்கைப் படிவம்) வந்துவிட்டால் அமெரிக்க அரசே உறுதி கொடுத்தது போல, மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு, சேர்ந்த நாளிலிருந்தே முழுநேர வேலைக்குப் போகலாம், படித்து முடித்ததும் மூன்று ஆண்டு ஓ.பி.டி. (பட்டதாரிகளுக்கான வேலைப் பயிற்சி அனுமதி); எச்-1பி வேலை விசாக் குலுக்கலில் எம்.எஸ். படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு. இரண்டே ஆண்டில் கடனை அடைத்துவிடலாம்.

டல்லாஸில் இருக்கும் அத்தை மகன் நேர்மாறாகச் சொல்கிறார்: பெயர் தெரியாத கல்லூரி எல்லாமே போலி, விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒற்றை லாரி வைத்து ஓட்டும் அப்பா, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து 40 லட்சம் கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 1,500 டாலர் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று கன்சல்டன்சி நெருக்குகிறது. அசல் சான்றிதழ்களையும் "சரிபார்க்க" என்று வாங்கி வைத்திருக்கிறது. வங்கி இருப்பில் குறைகிற தொகையைத் தாங்களே "காட்டித் தருவதாகவும்" சொல்லியிருக்கிறது. கல்லூரி உண்மையானதா, பணம் கட்டலாமா, அரியர் வைத்தவளுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்குமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் வெள்ளிக்கிழமை விஷயம். கட்டாதீர்கள். கல்லூரி வேண்டாம் என்ற முடிவு அல்ல இது. ஒரு வாரம் தாமதமானால் காணாமல் போகிற இடம் சிறிய கல்லூரிகளில் அநேகமாக இருப்பதில்லை. அவர்களுக்கு மாணவர்கள் தேவை. சேர்க்கை அலுவலகத்துக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து கெடுவை இரண்டு வாரம் நீட்டிக்கக் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். பல கன்சல்டன்சிகளுக்குச் சேர்த்துவிடும் மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று கல்லூரியே கமிஷன் தருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த அவசரம் யாருடையது என்பது புரியும்.

அடுத்து, உங்கள் அத்தை மகனின் பயம். அக்கறையில் சொல்லியிருக்கிறார், ஆனால் சிறியது என்பதாலேயே ஒரு கல்லூரி போலியாகிவிடாது. இண்டியானாவின் ரோஸ்-ஹல்மன் தொழில்நுட்பக் கழகத்தில் ஏறத்தாழ 2,000 பேர்தான் படிக்கிறார்கள், 1874-இல் தொடங்கியது. நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் ஆயிரம் பேர்கூட இல்லை, 1859-இலிருந்து நடக்கிறது. பொறியியல் உலகில் இரண்டுக்கும் பெரிய மதிப்பு உண்டு, இரண்டிலும் முதுநிலைப் படிப்பும் உண்டு. நீங்கள் அனுப்பிய பெயரை நானும் அரசுத் தளங்களில் தேடிப் பார்த்தேன். உங்களுக்கு இடம் கொடுத்த கல்லூரி போலி அல்ல. அது லாப நோக்கற்றது, அங்கீகாரம் பெற்றது, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியும் வைத்திருக்கிறது. ஆகவே கல்லூரியைப் பற்றிய என் கவலை சிறியது. அந்தக் கல்லூரியில் நீங்கள் எந்த முறையில் படிக்கப்போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை.

ஐ-20 எதற்கு உறுதி?

கன்சல்டன்சி மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் குழப்பிச் சொல்லியிருக்கிறது. ஐ-20 கொடுக்கும் அனுமதி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மாணவர் திட்டத்திலிருந்து வருகிறது. பாடத்தின் தரத்துக்கான அங்கீகாரத்தை, கல்வித்துறை ஏற்றுக்கொண்ட தனி அமைப்புகள் தருகின்றன. லாப நோக்கற்ற நிலை மூன்றாவது விஷயம். ஒன்று இருப்பதால் மற்றது இருக்கும் என்று பொருள் இல்லை.

இதற்கு மிகக் கசப்பான உதாரணம் மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம். அதை நடத்தியதே அமெரிக்கக் குடிவரவுத் துறையின் ரகசிய அதிகாரிகள். ஐ-20 கொடுக்கும் கல்லூரிகளின் அரசுப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. ஓர் அங்கீகார அமைப்பின் பட்டியலிலும் இருந்தது. அங்கே வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. 2019 ஜனவரி கடைசியில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தாதது ஒப்பந்த மீறல் என்று மாணவர்கள் தொடுத்த வழக்கை நடத்தலாம் என மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லவே 2024 ஆகிவிட்டது. அதற்கு முன்பு 2011-இல் கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் என்ற போலிக் கல்லூரி சோதனையிடப்பட்டபோது, நம் பிள்ளைகள் சிலருடைய காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை மாட்டினார்கள். அதை நடத்தியவருக்கு 16 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த மாணவர்களின் ஆண்டுகள் திரும்பி வரவில்லை.

இந்த வழக்குகளை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. "அரசுப் பட்டியலில் பெயர் இருந்ததே" என்று மாணவர் சொன்னதை அதிகாரிகள் ஏற்கவில்லை. வகுப்பே நடக்காதது உனக்குத் தெரியாதா என்றுதான் கேட்டார்கள். எஃப்-1 என்னும் மாணவர் விசாவின் நிபந்தனைகளைக் காப்பாற்றும் பொறுப்பு மாணவரின் தலையில்தான் விழுகிறது. கன்சல்டன்சி அப்போது பக்கத்தில் நிற்காது.

முதல் நாளே வேலை என்னும் கணக்கு

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தது இந்தப் பகுதி. "டே ஒன் சி.பி.டி." என்று கன்சல்டன்சிக்காரர்கள் சொல்வது, படிப்பின் ஒரு பகுதியாகச் செய்யும் வேலைப் பயிற்சி. பொது விதிப்படி ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகே அதற்குப் போகலாம். முதுநிலை மாணவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: பாடத்திட்டமே உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தால் முதல் பருவத்திலேயே அனுமதிக்கலாம். ஆகவே சட்டப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விலக்காக எழுதப்பட்ட ஒன்றை ஒரு கல்லூரி தன் மாணவர்கள் எல்லோருக்கும் விளம்பரப் பொருளாக விற்கும்போது, குடிவரவுத் துறை அந்தக் கல்லூரியின் பெயரைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறது.

இப்போது கன்சல்டன்சி போட்ட கணக்கைப் பாருங்கள். முழுநேர சி.பி.டி.யில் 12 மாதம் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்தவருக்கு, அதே நிலைப் படிப்புக்கான ஓ.பி.டி. கிடையாது. விதியில் தெளிவாக இருக்கிறது. மூன்று ஆண்டு ஓ.பி.டி. என்பது 12 மாதமும், அறிவியல் தொழில்நுட்பப் படிப்புகளுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்பும் சேர்ந்தது. முதல் 12 மாதம் இல்லாமல் நீட்டிப்பு மட்டும் தனியாக வராது. அதாவது "முதல் நாளிலிருந்து முழுநேர வேலை" என்பதும் "முடித்ததும் மூன்று ஆண்டு ஓ.பி.டி." என்பதும் ஒரே ஆளுக்கு ஒன்றாகக் கிடைக்கக்கூடியவை அல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் உங்களிடம் சொன்னவருக்கு ஒன்று விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்.

மாதம் ஒரு வாரக்கடைசி வகுப்பு என்பதிலும் சிக்கல் உண்டு. எஃப்-1 மாணவர் ஒரு பருவத்தில் இணையவழிப் பாடம் ஒன்றை மட்டுமே முழுநேரப் படிப்பின் கணக்கில் சேர்க்கலாம். மிச்சப் பாடங்கள் நேரில் நடக்க வேண்டும், நீங்கள் அங்கே இருக்க வேண்டும். வேலை டெக்சாஸில், கல்லூரி ஆயிரம் மைலுக்கு அப்பால் என்றால், பின்னாளில் எச்-1பிக்கு நிலை மாற்றம் கேட்கும்போது விமான டிக்கெட், வருகைப் பதிவு, பாடத்திட்டம், பயிற்சிக்கும் பாடத்துக்கும் உள்ள தொடர்பு எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார்கள். நிலை மாற்றம் மறுக்கப்பட்டால் நாட்டைவிட்டு வெளியே வந்து விசா வாங்கித்தான் திரும்ப வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள் அல்லவா? அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் நிலையிலிருந்து மாறுபவர்களுக்கு அது இல்லை என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனால் அந்த நிலை மாற்றத்துக்குத் தகுதி இல்லை என்று முடிவானால் கட்டணம் பொருந்தும் என்றும் அதே விளக்கம் சொல்கிறது. உங்களுக்காக எந்த முதலாளி அந்தத் தொகையைக் கட்டுவார்?

தனி ஒதுக்கீடு பற்றிச் சொன்னது பாதி சரி. ஆண்டுக்கு 65,000 எச்-1பி என்ற பொது வரம்புக்கு மேல், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு 20,000 இடம் உண்டு. ஆனால் பட்டம் கொடுத்த கல்லூரி அரசுக் கல்லூரியாகவோ லாப நோக்கற்றதாகவோ இருக்க வேண்டும். பட்டம் பெறும்போது அங்கீகாரம் உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி இன்றைக்கு இரண்டிலும் தேறுகிறது. நீங்கள் முடிக்கிற வரை அப்படியே இருக்குமா என்பதுதான் சிறிய கல்லூரிகளின் விஷயத்தில் கேட்கவேண்டிய கேள்வி. 2022 ஆகஸ்டில் ஏ.சி.ஐ.சி.எஸ். என்ற அங்கீகார அமைப்பின் தகுதியையே அமெரிக்கக் கல்வித்துறை பறித்தது. அதை மட்டும் நம்பியிருந்த கல்லூரிகளின் மாணவர்களால் ஸ்டெம் நீட்டிப்பு கேட்க முடியாமல் போனது.

சிறிய கல்லூரியிடம் கேட்கவேண்டியவை

கல்லூரி மூடப்படும் அபாயம் கற்பனை அல்ல. ஃபிலடெல்ஃபியாவின் கலைப் பல்கலைக்கழகம் 1876-இல் வேர்கொண்டது. அது 2024 மே 31 அன்று மூடப்போவதாகச் சொல்லி, ஜூன் 7 அன்று மூடியேவிட்டது. ஒரே வாரம். கல்லூரி மூடினால் அமெரிக்க மாணவர்களுக்கு அரசுக் கடனைத் தள்ளுபடி செய்ய வழி இருக்கிறது. நமக்கு அது இல்லை. நாமக்கல் வங்கிக் கிளையில் அப்பா கையெழுத்துப் போட்ட கடன் அப்படியே நிற்கும். நீங்கள் அவசரமாக வேறு கல்லூரி தேடி மாற வேண்டும், படித்த பாடங்களில் எத்தனையை அவர்கள் ஏற்பார்கள் என்பது அவர்கள் விருப்பம்.

இதை முன்கூட்டிக் கணிக்க ஒரு கருவி இருக்கிறது, நம்மவர்கள் யாரும் பார்ப்பதில்லை. அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் உள்ள தனியார் கல்லூரிகளின் நிதிநிலைக்கு அமெரிக்கக் கல்வித்துறை மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. மைனஸ் 1-லிருந்து 3 வரை போகும், 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாங்கும் நிலை. உங்கள் கல்லூரியின் மதிப்பெண்ணைக் கடைசி மூன்று ஆண்டுகளுக்குப் பாருங்கள். தொடர்ந்து இறங்குகிறதென்றால் அந்த ஒரு காரணமே வேண்டாம் என்று சொல்லப் போதும். லாப நோக்கற்ற கல்லூரி வருமான வரித்துறைக்குத் தரும் ஆண்டு வரவு செலவு அறிக்கையான 990 படிவமும் பொதுவெளியில் கிடைக்கும்.

ஐ-20-இல் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் இருக்கும். கணினி அறிவியலுக்கு 11.0701, தகவல் தொழில்நுட்பத்துக்கு 11.0103. இவை ஸ்டெம் பட்டியலில் உள்ளவை. பெயரில் "தொழில்நுட்பம்" என்று இருந்தும் எண் 52-இல் தொடங்கினால் அது நிர்வாகப் படிப்பு. அவற்றில் சிலவே பட்டியலில் இருக்கின்றன. ஒரு எண்ணில் இரண்டு ஆண்டு வேலை அனுமதி அடங்கியிருக்கிறது.

பாடம் நடத்துபவர்கள் யார் என்று கேளுங்கள். முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், பருவத்துக்குப் பருவம் வந்து போகிறவர்கள் எத்தனை பேர், எம்.எஸ். வகுப்பில் எத்தனை மாணவர்கள், கடைசிப் பருவத்தில் ஆய்வோ செயல்திட்டமோ உண்டா. அரியர் வைத்துத் தேறிய ஒருவருக்கு, பதினைந்து பேர் உட்காரும் வகுப்பும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பேராசிரியரும் பெரிய வரம். முன்னூறு பேர் வகுப்பில் நீங்கள் மறுபடி கடைசி வரிசைக்குப் போய்விடக்கூடும். சிறிய கல்லூரியின் உண்மையான பலம் இதுதான், அதை நீங்கள் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதன் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது: பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்க அங்கே வருவதில்லை, கைகொடுக்க முன்னாள் மாணவர்கள் ஊருக்கு ஊர் இருப்பதில்லை. லிங்க்ட்இன்னில் அந்தக் கல்லூரியின் எம்.எஸ். முடித்த இந்தியர்களைத் தேடி, ஐந்தாறு பேருக்காவது எழுதுங்கள். கன்சல்டன்சி கொடுக்கும் எண்களுக்குப் பேச வேண்டாம்.

கடனும் மாற்று வழிகளும்

40 லட்சத்தைப் பத்து ஆண்டில், பத்தரை சதவீத வட்டியில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 54,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்க்காத கணக்கு இது. அமெரிக்கச் சம்பளம் வந்தால் இது சுலபம். வராமல் நீங்கள் ஊருக்குத் திரும்ப நேர்ந்தால், உங்கள் கோவைச் சம்பளத்தில் இது நடக்குமா? இந்தக் கேள்வியை அப்பாவிடம் மறைக்காமல் பேசுங்கள். வீடு அவர் பெயரில் இருக்கிறது, ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஓ.பி.டி.யின் முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது என்பதையும் சொல்லுங்கள்.

உங்களுக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. இதே கல்லூரியில், வார நாள்களில் நேரடி வகுப்பு நடக்கும் வழக்கமான எம்.எஸ். இருக்கிறதா என்று கேட்டு, அதில் சேர்வது முதல் வழி. படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் மட்டும் வேலை, ஓராண்டுக்குப் பிறகு கோடையில் பயிற்சி, முடித்ததும் முழு ஓ.பி.டி. கையில் பணம் குறைவாகவே இருக்கும், ஆனால் உங்கள் விசா நிலை சுத்தமாக இருக்கும். நிதி மதிப்பெண் நன்றாக இருந்து, கடன் 40-லிருந்து குறையுமானால் இதை நான் எதிர்க்கமாட்டேன்.

இரண்டாவது, ஓராண்டு பொறுப்பது. உங்கள் மூன்று ஆண்டு அனுபவம் நான்காகும், ஜி.ஆர்.இ. எழுதி, அமெரிக்காவில் அவ்வளவாகப் பெயர் பெறாத மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். 6.7-ஐ ஏற்பவை அவற்றில் உண்டு, கட்டணமும் பல இடங்களில் குறைவு.

மூன்றாவது, வேலையை விடாமல் இங்கேயே படிப்பது. பிலானி பிட்ஸ், வேலையில் இருப்பவர்களுக்கென்றே எம்.டெக். நடத்துகிறது. வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும். எனக்கு மகள் இருந்து இதே நிலையில் கேட்டால், முதலில் இரண்டாவது வழியைப் பற்றித்தான் அவளிடம் பேசுவேன்.

நான்கு அரியரை உங்கள் கடிதத்தில் ஆறு இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று ஆண்டு வேலை பார்த்ததை ஒரே இடத்தில். விண்ணப்பக் கட்டுரையில் இந்த விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள்.

இந்த வாரமே செய்யவேண்டியவை

வங்கி இருப்பைக் காட்டித் தருவதாகச் சொன்னதை ஏற்கவே ஏற்காதீர்கள். விசாவுக்காகப் பொய்யான ஆவணம் கொடுத்தது தெரிந்தால் அமெரிக்கச் சட்டப்படி அந்த நாட்டுக்குள் நுழைய நிரந்தரத் தடை வரும். கையெழுத்து உங்களுடையது என்பதால் தடையும் உங்களுக்கே. சாதாரண விசா மறுப்பு இதனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அடுத்த முறை விண்ணப்பிக்கலாம்.

அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ள எந்தக் கன்சல்டன்சிக்கும் உரிமை கிடையாது. ஐ-20 வாங்கவோ விசாவுக்கு விண்ணப்பிக்கவோ அவர்கள் கையில் அசல் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. நாளையே அப்பாவுடனோ அண்ணனுடனோ நேரில் போய்க் கேளுங்கள். இழுத்தடித்தால், என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதி, ஏழு நாளுக்குள் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தராதது குற்றம். அவர்களுக்கு ஏற்கெனவே கட்டிய கட்டணத்தைப் பொறுத்தவரை, பொய்யான வாக்குறுதி சேவைக் குறைபாடு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. "முதல் நாளே வேலை", "மூன்று ஆண்டு ஓ.பி.டி." என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். தேதி தெரியும்படி அவற்றைப் பிரதி எடுத்து, ரசீதுகளோடு சேர்த்து வேறொரு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிறகு சான்றிதழ் கேட்கப் போங்கள்.